காயத்தோடு வந்த கடன் வீரர்: மிடில்ஸ்பரோ கிளப் எடுத்த இரண்டு முடிவுகள் (2006–2008)

அடிக்கடி காயமடையும் ஒரு கால்பந்து வீரரை ஓராண்டுக் கடனில் (அவர் வேறொரு கிளப்பின் வீரராகவே இருக்க, ஒரு சீசனுக்கு மட்டும்) எடுக்கலாமா என்ற கேள்வி வீரர்கள் கிளப் மாறும் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் காலத்திலும் ஏதாவது ஒரு கிளப்பில் எழுகிறது. பெரும்பாலும் அது "அவருக்கு மறுபடியும் காயம் வருமா, வராதா" என்ற வாதமாகச் சுருங்கிவிடுகிறது. யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. காயம் வந்தால் இழப்பு யாருடையது, எவ்வளவு, அந்த இழப்பைத் தாங்கும் அளவுக்கு அணியில் ஆள் இருக்கிறதா என்பவை மட்டுமே கிளப்பால் முன்கூட்டிக் கணக்கிடக் கூடியவை. இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவதால் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ கிளப்பில் 2006-க்கும் 2008-க்கும் இடையே நடந்தவற்றை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன். கிளப்புகளின் பெயர்கள், தேதிகள், தொகைகள் எல்லாம் பொதுவெளியில் பதிவானவை. ஆட்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். முடிவுகளுக்கான காரணங்களாக நான் எழுதுபவை அன்றைய சூழ்நிலையிலிருந்து நான் பெற்ற வாசிப்பு.

பின்னணி

மிடில்ஸ்பரோ, டீஸ் ஆற்றங்கரையில் இரும்பாலைகளையும் ரசாயன ஆலைகளையும் நம்பி வளர்ந்த வடகிழக்கு இங்கிலாந்து நகரம். 1876-இல் தொடங்கப்பட்ட அதன் கால்பந்து கிளப் தன் முதல் பெரிய கோப்பையை வெல்ல 2004 வரை காத்திருந்தது. அந்த ஆண்டு, தோற்ற அணி வெளியேறும் முறையில் நடக்கும் லீக் கோப்பை கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 2006 மே 10 அன்று, ஐந்தோவன் நகரில் நடந்த, ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூயேஃபா கோப்பை இறுதி ஆட்டம் வரை அணி சென்று, செவிய்யாவிடம் 0–4 எனத் தோற்றது. ஐரோப்பியப் பயணத்தின் பரபரப்பில் உள்நாட்டு லீக் நிலைமை அதிகம் பேசப்படவில்லை. அந்த சீசனில், 20 அணிகள் ஆடும் முதல்நிலை லீகான பிரீமியர் லீகில் 14-ஆம் இடம். 38 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 58.

இறுதி ஆட்டத்தோடு மேலாளர் விலகி இங்கிலாந்து தேசிய அணியின் பொறுப்பை ஏற்கப் போனார். அவருடைய இடத்துக்கு கிளப் வெளியிலிருந்து யாரையும் அழைத்து வரவில்லை. அணியின் கேப்டனாக இருந்த 35 வயது சென்டர் பேக்கையே (தடுப்பு வரிசையின் நடுவில் ஆடுபவர்), மேலாளர் பணிக்குத் தேவையான உயர்நிலைச் சான்றிதழ் இல்லாத நிலையிலும், ஜூன் 2006-இல் மேலாளராக்கியது. இந்த ஒரு நியமனம் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. அனுபவமற்ற ஒருவர் அணியை நடத்தும் நிலை வந்தது. அவர் ஆடுவதை நிறுத்தியதால் தடுப்பு வரிசையின் நடுவிலிருந்த மிகவும் நம்பகமான ஆளும் போய்விட்டார். அனுபவமுள்ள இன்னொரு சென்டர் பேக்குக்கு அப்போது 33 வயது. மற்றவர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்களை வழிநடத்தி, குரல் கொடுத்து, வரிசையை முன்னும் பின்னும் நகர்த்தக் கூடியவர் இல்லை.

வீரரின் வரலாறு

இந்த ஆய்வின் மையத்தில் இருப்பவர் மிடில்ஸ்பரோ நகரத்திலேயே பிறந்து, இளவயதில் லீட்ஸ் கிளப்பில் வளர்ந்த ஒரு சென்டர் பேக். உயரமும் வேகமும் சேர்ந்தவர். பந்து வருவதற்கு முன்பே அது வரும் இடத்தில் நிற்பவர் என்று பெயர் எடுத்தவர். 19 வயதிலேயே இங்கிலாந்து அணிக்கு ஆடிவிட்டார். 2003 ஜனவரி மாதம் நியூகாசில் கிளப் அவரை 90 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அங்கே இருந்த ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 28 மட்டுமே. 2004 வசந்தத்தில் ஏற்பட்ட தொடைத்தசைக் காயம் அவரை ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ 2004 போட்டியிலிருந்தும் விலக்கியது.

அந்தக் காயம் ஆறுவதற்குள், 2004 ஆகஸ்டில், ரியல் மாட்ரிட் அவரை 1.34 கோடி பவுண்டுக்கு வாங்கியது. சில வாரங்களில் களமிறங்குவார் என்ற எதிர்பார்ப்போடு வந்தவர், 2004–05 சீசன் முழுவதும் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. வாங்கப்பட்டு ஓராண்டுக்கும் மேல் கழித்து, 2005 செப்டம்பர் 22 அன்று, பெர்னபேயு மைதானத்தில் அத்லெடிக் பில்பாவோவுக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடினார். முதல் பாதியில், எதிரணி அடித்த பந்தைத் தலையால் திருப்ப முயன்று தன் வலைக்குள்ளேயே அனுப்பினார், சேம்சைடு கோல். இரண்டாம் பாதியில் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேற்றப்பட்டார். வெளியேறும்போது அரங்கம் அவரைத் திட்டவில்லை, எழுந்து கைதட்டியது. ரியல் மாட்ரிட் அந்த ஆட்டத்தை 3–1 என வென்றது. இந்த ஒற்றை ஆட்டத்தைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவருடைய மாட்ரிட் காலத்தை விளக்கும் எண் வேறொன்று: இரண்டு சீசன்களில் கிளப் ஆடிய 76 லீக் ஆட்டங்களில் அவர் ஆடியது 9.

ஆகஸ்ட் 2006: கண்முன் இருந்தவை

2006–07 சீசனின் முதல் பத்து நாட்களிலேயே மிடில்ஸ்பரோவின் நிலை வெளிப்பட்டது. ஆகஸ்ட் 19 அன்று, பிரீமியர் லீகுக்கு முதன்முறையாக ஏறி வந்திருந்த ரெடிங் அணிக்கு எதிராக 2–0 என முன்னிலை பெற்ற பிறகு 2–3 எனத் தோற்றது. ஆகஸ்ட் 23 அன்று நடப்பு சாம்பியனான செல்சீயைச் சொந்த மைதானத்தில் 2–1 என வென்றது. ஆகஸ்ட் 28 அன்று அதே மைதானத்தில் போர்ட்ஸ்மத்திடம் 0–4. மூன்று ஆட்டங்களில் 8 கோல்கள் உள்ளே போயிருந்தன. செல்சீயை வென்ற அணியிடம் ஆட்டத்திறன் இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்றிரண்டு கோல்கள் வாங்கியதும் வரிசையைக் கட்டி நிறுத்த ஆள் இல்லாததுதான் குறை. வீரர்களைப் பதிவுசெய்வதற்கான கடைசி நாள் ஆகஸ்ட் 31. அதை விட்டால் ஜனவரி வரை யாரையும் சேர்க்க முடியாது.

எதிர்த்தரப்பில் ரியல் மாட்ரிட்டுக்கு அந்தக் கோடையில் புதிய தலைவரும் புதிய பயிற்சியாளரும் வந்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் 9 லீக் ஆட்டங்கள் ஆடிய வீரரை ஊதியச் சுமையாகவே எந்த நிர்வாகமும் பார்க்கும். அவரை நல்ல விலைக்கு விற்க அப்போது வழியில்லை. ஓராண்டு வேறெங்காவது ஆடிக் காட்டினால் மட்டுமே அவருக்கு மறுபடியும் விலை வரும். கடன் கொடுக்கும் கிளப்புக்கும் வீரர் களத்தில் இருப்பதே லாபம் என்ற நிலை கடன் எடுப்பவருக்குச் சாதகமானது. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

மருத்துவத் தரப்பில் அப்போது தெரிந்திருந்தது என்ன? ஸ்வீடன் நாட்டு முதல்நிலை லீகில் 2001, 2002 சீசன்களைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, தொடையின் பின்தசை, கவட்டை, முழங்கால் ஆகிய இடங்களில் ஒரு சீசனில் காயம்பட்டவருக்கு அடுத்த சீசனில் அதே காயம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு என்று காட்டியது. ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் 2001 முதல் பெரிய கிளப்புகளில் நடத்திவரும் ஆய்வு பின்னாளில், 2011 வாக்கில், இன்னும் விரிவான கணக்கைத் தந்தது: 25 பேர் கொண்ட ஓர் அணியில் ஒரு சீசனுக்கு ஏறத்தாழ 50 காயங்கள் வரும், அவற்றில் 15 தசைக் காயங்களாக இருக்கும், தசைக் காயங்களில் ஏறத்தாழ 16 சதவீதம் பழைய காயம் திரும்பியதாக இருக்கும், திரும்பி வரும் காயம் முதல் காயத்தைவிட அதிக நாட்களைத் தின்னும். "காயமே ஆகாத வீரர்" என்று ஒருவர் இல்லை என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. அதே எண்கள், காய வரலாறு உள்ளவரின் அபாயம் உண்மையிலேயே கூடுதல் என்பதையும் சொல்கின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுபவர்கள்தான் இத்தகைய விவாதங்களைக் குழப்புகிறார்கள்.

முதல் முடிவு: ஓராண்டுக் கடன்

2006 ஆகஸ்ட் 31 அன்று மிடில்ஸ்பரோ அந்த 26 வயது வீரரை ஒரு சீசனுக்குக் கடனில் எடுத்தது. அதே நாளில் செல்சீயிலிருந்து ஓர் இளம் ஜெர்மன் சென்டர் பேக்கை 60 லட்சம் பவுண்டுக்கு விலைக்கும் வாங்கியது. இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கடன் வீரர் ஒருவரை மட்டும் நம்பி கிளப் தடுப்பு வரிசையைக் கட்டவில்லை. ஏற்கெனவே அணியிலிருந்த ஆஸ்திரிய வீரர், மற்றோர் ஆங்கில வீரர், இளம் ஜெர்மானியர் ஆகியோரை அடித்தளமாக வைத்து, அதன் மேல் அவரைச் சேர்த்தது. அவர் ஆடினால் வரிசை உயரும். ஆடாவிட்டால் அணி விழாது.

கடன் என்ற வடிவமே அன்றைய முடிவின் சிறப்பு. விலைக்கு வாங்கியிருந்தால் பல ஆண்டு ஊதியமும் கைமாறிய தொகையும் காயத்தோடு சேர்ந்து கிளப்பின் கணக்கில் நின்றிருக்கும். கடனில் மிக மோசமாக நடக்கக் கூடியது என்னவென்று ஆகஸ்டிலேயே தெரியும்: அவர் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் அந்த சீசனுக்கான செலவு வீணாகும், மே மாதத்தில் அது முடிந்தும் போகும். இழப்புக்கு மேல்வரம்பு உண்டு.

இதற்கு இணையாக நான் கருதும் இன்னொரு காரணம் ஆட்ட அட்டவணை. ரியல் மாட்ரிட் ஆண்டுதோறும், ஐரோப்பாவின் முதன்மை கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில் ஆடும் கிளப்; அங்கே சனிக்கும் புதனுக்கும் இடையே உடல் தேற நேரமில்லை. மிடில்ஸ்பரோவுக்கு 2006–07-இல் ஐரோப்பிய ஆட்டங்களே கிடையாது. பெரும்பாலான வாரங்களில் சனிக்குச் சனி ஒரே ஆட்டம். தொடைத்தசையில் பழைய காயம் உள்ள ஒருவருக்கு ஆட்டங்களுக்கு நடுவே கிடைக்கும் ஆறு நாட்கள் எந்தச் சிகிச்சைக்கும் குறைந்தவை அல்ல: முதல் நாள் ஓய்வு, அடுத்து மெல்லோட்டம், வார நடுவில் ஒரு நாள் முழுவேக ஓட்டம், ஆட்டத்துக்கு முந்தைய நாள் மறுபடியும் தளர்வு என்று உடலைப் படிப்படியாக ஏற்றி இறக்க அந்த ஆறு நாட்கள் இடம் தருகின்றன. மேலும் சென்டர் பேக் இடத்தில் ஆடுபவர், பக்கவாட்டு வீரரையும் முன்கள வீரரையும் போல ஒரே ஆட்டத்தில் பலமுறை உச்சவேகத்தில் ஓட வேண்டியதில்லை. நிற்கும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கு அந்த ஓட்டங்கள் இன்னும் குறையும். இவருடைய ஆட்டமுறை அத்தகையது.

சொந்த ஊர் என்பதும் ஒரு காரணம். அதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. மீட்சி என்பது நீண்ட, சலிப்பூட்டும் வேலை. மொழி தெரியாத நகரத்தில், இரண்டு ஆண்டுகள் பத்திரிகைகளின் கேலிக்கு நடுவே அந்த வேலையைச் செய்தவருக்கு, குடும்பம் அருகிலிருக்கும் ஊரில் அதைத் தொடர்வது வேறு அனுபவம். வந்து சேர்ந்த வீரருக்குத் தன்னை நிரூபிக்க வேண்டிய தேவையும் இருந்தது.

2006–07: நடந்தவை

ஒப்பந்தத்துக்குப் பிறகு முதல் ஆட்டம் 2006 செப்டம்பர் 9, ஆர்சனலின் புதிய எமிரேட்ஸ் மைதானத்தில். மிடில்ஸ்பரோ ஒருவரை இழந்து 10 பேரோடு ஆடியும் 1–1 எனச் சமன் செய்தது. பன்னிரண்டு நாட்களுக்கு முன் போர்ட்ஸ்மத்திடம் சிதறிய வரிசை அன்று நெருக்கடியில் கலையவில்லை. அடுத்த சில நாட்களில் லீக் கோப்பையில் கீழ்நிலை அணியான நாட்ஸ் கவுண்டியிடம் சொந்த மைதானத்தில் 0–1 எனத் தோற்று வெளியேறியது கிளப்புக்கு வருத்தமான இரவுதான். அட்டவணையின் கண்ணோட்டத்தில், அந்தத் தோல்வி இலையுதிர் காலத்து வார நடு ஆட்டங்களையும் நீக்கிவிட்டது.

அதற்கு நேர்மாறாக, இங்கிலாந்தின் இன்னொரு வெளியேற்றுப் போட்டியான எஃப்.ஏ. கோப்பை நீண்டது. ஹல், பிரிஸ்டல் சிட்டி, வெஸ்ட் பிராம், மான்செஸ்டர் யுனைடெட் என நான்கு சுற்றுகளும் சமனில் முடிந்து மறு ஆட்டத்துக்குச் சென்றன. ஜனவரி முதல் மார்ச் வரை லீகோடு சேர்த்து 8 கோப்பை ஆட்டங்கள். அந்த மூன்று மாதங்களே உண்மையான சோதனை. கடன் வீரரின் உடல் அதைத் தாங்கியது. 2007 பிப்ரவரி 7 அன்று மான்செஸ்டரில் ஸ்பெயினுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் இங்கிலாந்து அணிக்காகவும் மீண்டும் களமிறங்கினார்.

சீசன் முடிவில் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 30. இதை 38-இல் 30 என்று எழுதுவதுதான் வழக்கம். அவர் வந்தபோது மூன்று ஆட்டங்கள் முடிந்திருந்தன. ஆடியிருக்கக் கூடியவை 35. ஆக, 35-இல் 30. காய வரலாறே இல்லாத பல சென்டர் பேக்குகள் எட்டாத விகிதம் அது. அதே நாளில் விலைக்கு வாங்கப்பட்ட இளம் ஜெர்மானியரோ காயத்தால் அந்த சீசனின் பெரும்பகுதியை இழந்தார். அணி 46 புள்ளிகளோடு 12-ஆம் இடத்தில் முடித்தது. வாங்கிய கோல்கள் முந்தைய ஆண்டின் 58-இலிருந்து 49 ஆகக் குறைந்தன. இந்தக் குறைவு முழுவதையும் ஒரே வீரருக்கு எழுதுவது நியாயமாகாது. ஆனால் முதல் மூன்று ஆட்டங்களில் 8 கோல்கள் வாங்கிய அணி, அடுத்த 35 ஆட்டங்களில் 41 கோல்களோடு நிறுத்தியது என்பதில் அவருடைய பங்கு சிறியதாக இருக்க முடியாது.

இரண்டாவது முடிவு: விலைக்கு வாங்குதல்

2007 ஏப்ரல் மாதம் மிடில்ஸ்பரோ அவரை 70 லட்சம் பவுண்டுக்கு நிரந்தரமாக வாங்குவதாக அறிவித்தது. ரியல் மாட்ரிட் கொடுத்த விலையில் ஏறத்தாழ பாதி. அதே கோடையில் ஸ்பெயினின் மார்க்கா நாளிதழ் தன் வாசகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அவர் அந்த நூற்றாண்டின் மிக மோசமான கொள்முதலாகத் தேர்வானார். ஒரே ஆளைப் பற்றி ஒரே ஆண்டில் இரண்டு நாடுகள் இரண்டு தீர்ப்புகளைச் சொல்லின. இரண்டும் அவரவர் கண்ட ஆட்டங்களின் அடிப்படையில் சரியானவை.

இந்த முடிவை நான் முதல் முடிவிலிருந்து பிரித்துப் பார்க்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றின் இயல்பான தொடர்ச்சியாகவே மற்றது தோன்றும். வீரர் ஆடினார், ரசிகர்களுக்குப் பிடித்தது, விலை குறைவு, வேறு கிளப்புகள் நெருங்கும் முன் முடித்துவிட வேண்டும். ஆனால் இழப்பின் மேல்வரம்பு ஏப்ரலில் கையெழுத்திட்ட நொடியிலேயே நீங்கிவிட்டது. கடனில் ஒரு சீசனோடு முடியும் அபாயம், கொள்முதலில் ஒப்பந்தம் முடியும் வரை நீளும். முதல் முடிவுக்குத் தேவைப்பட்ட சான்று "இந்த ஓராண்டு நமக்குப் பயன்படுமா" என்பதற்கு மட்டுமே. இரண்டாவதற்குத் தேவை "இந்த உடல் அடுத்த பல ஆண்டுகள் தாங்குமா" என்பதற்கான சான்று. 30 ஆட்டங்கள் முதல் கேள்விக்கு முழுப் பதில். இரண்டாவதற்கு அரைப் பதில்கூட இல்லை. ஒரு நல்ல சீசன் பழைய காயத்தின் தடத்தைத் தசையிலிருந்து அழிப்பதில்லை.

ஆயினும் வாங்காமல் விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தரத்தில் ஒரு சென்டர் பேக் 70 லட்சம் பவுண்டுக்கு மிடில்ஸ்பரோ போன்ற கிளப்புக்குக் கிடைத்ததே காய வரலாற்றால்தான். காயம் இல்லாதிருந்தால் அவர் அந்த ஊருக்குத் திரும்பியே இருக்கமாட்டார். கிளப் வாங்கியது ஒரு தள்ளுபடி விலையை. தள்ளுபடிக்கான காரணமும் அந்த விலையோடு சேர்ந்தே வந்தது.

பின் விளைவுகள்

2007–08-இல் காயங்கள் திரும்பின. ஜனவரி முடிவதற்குள் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 16. அந்த இடைவெளிகளில் கிளப்பின் பயிலகத்தில் வளர்ந்த இளம் சென்டர் பேக் ஒருவர் இடம்பிடித்துத் தேறினார். நியூகாசிலும் டாட்டனமும் விலை பேசின. 2008 ஜனவரி 28 அன்று அவர் டாட்டனமுக்குச் சென்றார். விலை ஏறத்தாழ மிடில்ஸ்பரோ கொடுத்த அளவே. ஆக, கிளப்புக்குக் கைமுதல் நஷ்டமாகவில்லை; 46 லீக் ஆட்டங்களும் ஊதியச் செலவும் கணக்கில் நின்றன. இந்த விற்பனையை நான் மூன்றாவது முடிவாகவும், மூன்றில் அதிகம் பேசப்படாததாகவும் கருதுகிறேன். நல்ல பெயர் இருக்கும்போது, மாற்று ஆள் உருவாகி வரும்போது, கேட்கும் கிளப் இருக்கும்போது விற்பதற்கு மனஉறுதி வேண்டும். சொந்த ஊர்க்காரரை விற்பதற்கு இன்னும் அதிகம் வேண்டும்.

விற்று நான்கு வாரங்கள்கூட ஆகவில்லை. பிப்ரவரி 24 அன்று வெம்ப்ளியில் லீக் கோப்பை இறுதி ஆட்டம். செல்சீக்கு எதிராக 1–1 எனக் கூடுதல் நேரத்துக்குச் சென்றிருந்தது. 94-ஆவது நிமிடம் வந்த ஃப்ரீ கிக்கை அவர் தலையால் முட்ட, செல்சீ கோல்கீப்பர் இரு கைகளாலும் குத்தி வெளியேற்றப் பார்க்க, பந்து திரும்பி அவர் மீதே பட்டு வலைக்குள் விழுந்தது. டாட்டனம் கோப்பையை வென்றது. அடுத்த 2008–09 சீசனில் டாட்டனமுக்காக 34 லீக் ஆட்டங்கள். அதற்கடுத்த ஆண்டு 3. அதற்கும் அடுத்த ஆண்டு லீகில் ஒன்றுமில்லை. மிலான் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கியது மட்டுமே. ஒரு நல்ல ஆண்டு, பின்னர் சரிவு என்ற அதே வரிசை இரண்டாவது கிளப்பிலும் திரும்பியது.

மிடில்ஸ்பரோ 2007–08-இல் 13-ஆம் இடம் பெற்றது. 2008–09-இல் 32 புள்ளிகளோடு 19-ஆம் இடத்தில் முடித்து பிரீமியர் லீகை விட்டு இறங்கியது. இதற்கு அந்த விற்பனையே காரணம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த ஆண்டு அணி 38 ஆட்டங்களில் அடித்தது 28 கோல்கள். குறை முன்களத்தில் இருந்தது.

இதே கேள்வி வேறு இரு கிளப்புகளில்

2014 ஜனவரி 31 அன்று ஆர்சனல், மாஸ்கோவின் ஸ்பார்டக் கிளப்பிலிருந்து ஒரு ஸ்வீடன் நடுக்கள வீரரைக் கடனில் எடுத்தது. மருத்துவப் பரிசோதனையில் முதுகெலும்பில் முறிவு தெரிந்தது. வேறு ஆளைத் தேட நேரமில்லாததால் தெரிந்தே கையெழுத்திட்டது. அவர் ஆடியது 4 ஆட்டங்கள். அவற்றில் ஒன்று விகனுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, பெனால்ட்டி மோதலில் அவர் தன் வாய்ப்பைக் கோலாக்கினார், ஆர்சனல் இறுதிக்குச் சென்று கோப்பையை வென்றது. இங்கே கடைசி நாளின் அவசரம் பரிசோதனையின் பொருளையே இல்லாமல் ஆக்கிவிட்டது. கோப்பை கிடைத்ததால் அந்த நடைமுறை சரியாகிவிடாது.

அதே ஆண்டு மான்செஸ்டர் யுனைடெட், முழங்கால் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சைக்குப் பின் வந்த கொலம்பிய முன்கள வீரரை மொனாக்கோவிலிருந்து கடனில் எடுத்தது. அவர் 26 லீக் ஆட்டங்கள் ஆடினார். அடித்தது 4 கோல்கள். வாங்கும் உரிமை இருந்தும் கிளப் வாங்கவில்லை. உடல் கிடைத்தது, பழைய ஆட்டம் கிடைக்கவில்லை. முதல் இரண்டு அடி வேகத்தில் வாழும் முன்கள வீரருக்கு முழங்கால் காயம் எடுத்துக்கொள்வது, இடம் பார்த்து நிற்கும் சென்டர் பேக்கிடமிருந்து தொடைக் காயம் எடுத்துக்கொள்வதைவிட மிக அதிகம். "எத்தனை ஆட்டம் ஆடுவார்" என்று மட்டும் கேட்கும் கிளப் இதைத் தவறவிடும்.

இன்று மாற்ற வேண்டியவை

மிடில்ஸ்பரோவின் முதல் முடிவில் நான் எதையும் மாற்றமாட்டேன். அன்றைய விதிகளின்படி அது நல்ல முடிவு. இன்று அதே முடிவை எடுக்கும் கிளப் ஒன்றைக் கூடுதலாக எண்ண வேண்டும்: 2010–11 முதல் பிரீமியர் லீகில் 21 வயதைக் கடந்தவர்களுக்கு 25 பேர் பட்டியல் கட்டாயம். காயத்தில் கிடக்கும் கடன் வீரர் இப்போது ஊதியத்தோடு ஓர் இடத்தையும் பிடித்துக்கொள்கிறார். 2006-இல் அந்தச் செலவு இல்லை.

மாற்றம் வேண்டியது இரண்டாவது முடிவை அணுகும் முறையில். கடன் ஒப்பந்தம் எழுதும் ஆகஸ்டிலேயே, யாருக்கும் அவர் மேல் பற்று வளராத நேரத்தில், எந்த நிலையில் வாங்குவோம், எந்த நிலையில் மாட்டோம் என்று எழுதிவைக்க வேண்டும். அதற்கான அளவு ஆட்ட எண்ணிக்கையாக மட்டும் இருக்கக் கூடாது. ஆட்டத்தன்று களமிறங்கிய வீரர் வார நடுவில் தனியாகப் பயிற்சி செய்தாரா, எல்லாரோடும் முழுப் பயிற்சியில் ஈடுபட்டாரா என்பது அடுத்த ஆண்டைப் பற்றி அதிகம் சொல்லும். முழுப் பயிற்சி செய்த வாரங்கள் எத்தனை, ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டங்கள் ஆடிய பிறகு மூன்றாவது நாள் உடல் எப்படி இருந்தது, தசை இறுக்கம் என்று சொல்லி எத்தனை முறை முன்னெச்சரிக்கையாக விலக்கப்பட்டார் என்ற பதிவுகளே விலை பேசும்போது முன்னால் இருக்க வேண்டியவை. வாங்கும்போதும் ஊதியத்தின் ஒரு பகுதியை ஆடிய ஆட்டங்களோடு இணைப்பதும், முதலில் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் எழுதி மேலும் நீட்டிக்கும் உரிமையைக் கிளப்பிடம் வைத்துக்கொள்வதும் இரு தரப்புக்கும் நியாயமானவை. நன்றாக ஆடும் வீரர் இதனால் எதையும் இழப்பதில்லை.

கடைசியாக, கடன் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடப்படும் பகுதி ஒன்று உண்டு. ஏப்ரல் மாதத்தில் காயம்பட்டால், கடன் மே மாதம் முடிந்த பிறகு சிகிச்சைச் செலவு யாருடையது? அறுவைச் சிகிச்சை தேவையா என்பதை எந்தக் கிளப்பின் மருத்துவர் முடிவுசெய்வார், வீரர் மூன்றாவது கருத்து கேட்டால் யார் கட்டுப்படுவார்? மீட்சிப் பயிற்சியை எந்த ஊரில் செய்வார்? வலியோடு கடைசி இரண்டு ஆட்டங்களை ஆடச் சொல்லும் ஆசை கடன் எடுத்த கிளப்புக்கு மே மாதத்தில் இயல்பாக வரும், ஏனென்றால் ஜூன் மாத விளைவு அதனுடையது அல்ல. அந்த ஆசைக்கு எதிராக வீரரின் உடலைக் காப்பது இந்தப் பிரிவுகள் மட்டுமே. ஆகவே விலையும் ஊதியப் பங்கும் பேசி முடிப்பதற்கு முன்பே இவை பேசப்பட வேண்டும். அந்தப் பேச்சில் வீரரின் சொந்த மருத்துவரும் அமர்ந்திருக்க வேண்டும்.